புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

படிவம் ஆறு மாணவர்களுக்கு "ஊக்கமா ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணா" என்று இதழ்க் குழுவில் கேட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். உட்கார்ந்து யோசித்தால், ஊக்கம் இல்லாமல் நான் கெட்டுப்போனதாக ஞாபகமே இல்லை. எனக்கு ஊக்கம் நிறையவே இருந்தது. அறைச் சுவரில் "4.00" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். படுக்கும் முன் ஊக்கப் பேச்சு வீடியோ. காலையில் விநாயகர் படத்துக்கு முன்னால் பேனாவை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவேன். தினமும் நாலு மணி நேரம் மேசையை விட்டு எழுந்ததில்லை.

முதல் தவணை எஸ்.டி.பி.எம். முடிவு வந்தது. பெங்காஜியான் அம் பி, கணிதம் சி பிளஸ், இயற்பியல் சி, வேதியியல் சி மைனஸ். பி.என்.ஜி.கே. 2.25.

அம்மா திட்டவில்லை. அதுதான் ரொம்ப கஷ்டமாக இருந்தது. "நீ ராத்திரி ராத்திரியா படிச்சியேடா" என்று மட்டும் சொன்னார். அம்மா சொன்னது உண்மை. நான் ஏமாற்றவில்லை, ஊர் சுற்றவில்லை. படித்தேன். அப்படியென்றால் என்னதான் நடந்தது?

தேர்வு மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இயற்பியல் தாளில் வெப்ப இயக்கவியல் கேள்வி. ஒரு வாயு அடியாபேட்டிக் முறையில் விரிவடைகிறது. அழுத்தம், கன அளவு வரைபடத்தில் அதன் கோடு, ஐசோதெர்மல் கோட்டைவிட ஏன் செங்குத்தாக இறங்குகிறது என்று விளக்க வேண்டும். அந்தப் பாடத்தை நான் நாலு முறை வாசித்திருந்தேன். கேள்வியைப் பார்த்ததுமே புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன்னால் வந்தது. இடது பக்கம், கீழே வலது மூலையில் வரைபடம், பக்கத்திலேயே நான் மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்ட மூன்று வரி. கோடு தெரிகிறது, அதன் நிறம் தெரிகிறது. அந்த மூன்று வரியில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் தெரியவில்லை. பத்து நிமிடம் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் படித்ததாக நினைத்ததெல்லாம் பார்த்துப் பழகியதுதான். தினமும் பஸ்ஸில் பார்க்கும் ஒருவரைத் தெருவில் கண்டால் தெரிந்த முகம் என்று தோன்றும். பெயர் கேட்டால் சொல்ல முடியாது. மறுவாசிப்பும் அப்படித்தான். இரண்டாவது முறை வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும், மூன்றாவது முறை இன்னும் சுலபம். அந்தச் சுலபத்தை "எனக்குத் தெரியும்" என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தேர்வில் யாரும் நம் கையில் பக்கத்தைக் கொடுத்து "இது தெரிந்ததா?" என்று கேட்பதில்லை. வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு முறை உட்கார்ந்து வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு முறை மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று முறையும் எதையும் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுதான் மேலே: 83 விழுக்காடு, எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40தான் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை உறுத்தியது வேறொரு விஷயம். "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது நான்கு முறை வாசித்த குழுதான். அச்சு அசலாக நானேதான்.

முதலில் இதைப் படித்தபோது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தேவார வகுப்பைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நம்மில் பாதிப் பேர் திருமுறைப் போட்டிக்காக அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே. ஐயா என்ன செய்வார்? ஒரு அடி பாடுவார், நாம் திருப்பிப் பாடுவோம். இரண்டு மூன்று தடவை ஆனதும் "புத்தகத்த மூடு, இப்ப பாடு" என்பார். தடுமாறுவோம். தடுமாறவிட்டு, முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பார், மீதியை நாமே பிடிக்க வேண்டும். அடுத்த வாரம் புதுப் பதிகத்துக்குப் போகுமுன் போன வாரத்துப் பாட்டு. திடீரென்று ஒரு நாள், மூன்று மாதத்துக்கு முன் படித்ததில் நடுவிலிருந்து ஒரு அடியைச் சொல்லி "இதுக்கு அடுத்து என்னா?" என்று கேட்பார். பத்து வயதில் அப்படிப் படித்த பதிகங்கள் எனக்கு இன்றும் அப்படியே வருகின்றன. பதினெட்டு வயதில் நாலு முறை வாசித்த வெப்ப இயக்கவியல் நாலு வாரம்கூட நிற்கவில்லை. சரியான முறை என் கையிலேயே இருந்திருக்கிறது. அதை இயற்பியலுக்கும் செய்யலாம் என்றுதான் தோன்றவில்லை.

இரண்டாம் தவணையிலிருந்து மாற்றினேன். பாடத்தை ஒரு முறை நிதானமாக வாசிப்பேன், ஹைலைட்டர் கிடையாது. வாசித்ததும் புத்தகத்தை மூடி, ஒரு வெற்றுத் தாளில் தெரிந்ததை எல்லாம் எழுதுவேன்: சூத்திரம், வரைபடம், காரணம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேர்ப்பேன். முதல் வாரம் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுவாசிப்பு செய்யும்போது நன்றாகப் படிக்கிற மாதிரி இருக்கும், இது செய்யும்போது ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள். சிவப்பு வரும் இடம்தான் நீங்கள் உண்மையில் படிக்கும் இடம். அதே தாளை மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். கொஞ்சம் மறக்க ஆரம்பிக்கும் நேரத்தில் இழுத்துப் பிடிப்பதுதான் பலமாக நிற்கிறது.

இன்னொன்று, தமிழில் சொல்லிப் பார்ப்பது. நாம் இயற்பியலை ஆங்கிலத்திலோ மலாயிலோ படிக்கிறோம். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் புரிந்த மாதிரியே ஏமாற்றும். வீட்டுத் தமிழில் சொல்ல முயன்றால் மனப்பாடம் உதவாது, புரிந்தால்தான் வார்த்தை வரும். ஒரு நாள் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அடியாபேட்டிக் பற்றி விளக்கினேன். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப் சூடாகும் இல்லையா, காற்றை வேகமாக அமுக்கும்போது சூடு வெளியே போக நேரம் இல்லை, அதனால் உள்ளேயே வெப்பநிலை ஏறுகிறது என்றேன். அம்மா கேட்டார்: "அது உள்ள தேயிறதால சூடாகலயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு முறை படித்தவன்! இரண்டு நாள் யோசித்து, தம்பியின் பம்பை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் தேய்மானச் சூடும் உண்டுதான். ஆனால் அதுதான் முக்கியக் காரணம் என்றால் பிஸ்டன் ஓடுகிற நீளம் முழுக்க ஒரே மாதிரி சூடாக வேண்டும். தொட்டுப் பார்த்தால் காற்று அமுங்குகிற அடி முனைதான் அதிகம் சுடுகிறது. அமுக்குவதற்கு நாம் செய்த வேலை வாயுவின் உள் ஆற்றலாக மாறுகிறது. இதைத் திருப்பிப் போட்டால் என் தேர்வுக் கேள்விக்குப் பதில். வாயு விரியும்போது அது வேலை செய்கிறது. வெளியிலிருந்து வெப்பம் வராததால் தன் உள் ஆற்றலையே செலவழிக்கிறது, வெப்பநிலை இறங்குகிறது. ஐசோதெர்மலில் கன அளவு கூடுவதால் மட்டும் அழுத்தம் குறையும். இங்கே வெப்பநிலையும் சேர்ந்து இறங்குவதால் அழுத்தம் இன்னும் வேகமாகக் குறையும். அதனால்தான் கோடு செங்குத்து. அம்மாவின் ஒரு கேள்விக்குப் பிறகு இதை நான் மறக்கவே இல்லை. வீட்டில் யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இயற்பியல் தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது.

கணிதத்தில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே நாம் எல்லாரும் பயிற்சி செய்கிறோம், வாசிப்பதில்லை. ஆனால் பயிற்சிப் புத்தகத்தில் "பிரதியிடும் முறை" என்று தலைப்பு போட்டு அதன் கீழே இருபது கணக்கு. இருபதுக்கும் எந்த முறை என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு கிடையாது. இரண்டாம் தவணை கால்குலஸில் இது நன்றாகவே அடிக்கும். எக்ஸையும் ஈ அடுக்கு எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும். அடுக்கில் எக்ஸுக்குப் பதில் எக்ஸ் வர்க்கம் இருந்தால் பிரதியிட்டாலே இரண்டு வரியில் முடிந்துவிடும். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எது எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி மதிப்பெண். அதற்கு ஒரே வழி கலந்து செய்வதுதான். நான் வெவ்வேறு அத்தியாயங்களிலிருந்து கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு மைலோ டின்னில் போட்டு, குலுக்கி எடுத்துச் செய்தேன். தினமும் ஆறு சீட்டு. கலந்து செய்யும்போது தவறு அதிகம் வரும், நேரமும் அதிகம் பிடிக்கும். பயப்பட வேண்டாம்.

இப்போது தவறுகளைப் பற்றி. என்னைக் காப்பாற்றியது இதுதான் என்பேன். ஒரு நோட்டு வாங்கி அதற்குத் "தப்பு நோட்டு" என்று பெயர் வைத்தேன். செய்த ஒவ்வொரு தவறையும் அதில் எழுதி, பக்கத்தில் ஏன் தவறியது என்றும் எழுத வேண்டும். எனக்குத் தெரியவே தெரியாததா? தெரிந்தும் எங்கே பயன்படுத்துவது என்று புரியாததா? அல்லது கவனக்குறைவா? ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் "கவனக்குறைவு" என்றே எழுதினேன். அது மரியாதையான காரணம் பாருங்கள், நமக்குத் தெரியும் ஆனால் கை தவறிவிட்டது என்கிற மாதிரி. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது ஒரே "கவனக்குறைவு" ஒன்பது தடவை வந்திருந்தது: வாயு செய்யும் வேலைக்குக் கூட்டல் குறியா, வாயுவின் மேல் செய்யப்படும் வேலைக்குக் கூட்டல் குறியா என்பது. ஒன்பது தடவை கை தவறாது. எனக்கு அது புரியவில்லை, அவ்வளவுதான். ஒரு மாலை உட்கார்ந்து அதை மட்டும் சரி செய்தேன். பத்தாவது தடவை வரவில்லை.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியபோது இயற்பியல் தாள் 60 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். அப்படியென்றால் பதினைந்து புறவயக் கேள்விகளுக்கு 22 நிமிடம்தான், 40 நிமிடம் இல்லை. கடைசிப் பகுதியில் கட்டுரைக் கேள்விகளுக்கே 30 மதிப்பெண் காத்திருக்கிறது. உங்கள் ஆண்டின் தாள் அமைப்பை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள். கடந்தாண்டுத் தாள்களில் இரண்டையாவது தொடாமல் வைத்திருந்து, கடைசி மாதத்தில் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். மியூவெட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடாதீர்கள். கைப்பேசியைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். என்னுடையது மாலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை அரிசி டின்னில் இருக்கும். டெலிகிராம் குழுவில் சேர்ந்து நோட்ஸாகச் சேகரிப்பதும் ஒரு போதைதான். என்னிடம் எழுநூறு பக்கம் இருந்தது, எழுபதுகூடத் திறந்து பார்க்கவில்லை.

ஊக்கத்தைப் பற்றிக் கேட்டார்களே, அதற்கு வருகிறேன். நம் வீட்டு நாட்காட்டிகளில் "கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று போட்டிருக்கும். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். பலனை எதிர்பார்க்காமல் யார் எஸ்.டி.பி.எம். எழுதுவார்? கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அந்த இடத்தை உரையோடு படித்தபோதுதான் வேறு மாதிரி புரிந்தது. நம் கையில் இருப்பது செயல், பலன் நம் கையில் இல்லை. பலனே வேண்டாம் என்பதல்ல, எது என் அதிகாரத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. சுவரில் ஒட்டிய 4.00 என் அதிகாரத்தில் இல்லை. தாளை யார் திருத்துகிறார், கேள்வி எங்கிருந்து வரும், எதுவுமே என் கையில் இல்லை. மைலோ டின்னில் இன்றைக்கு ஆறு சீட்டு என் கையில் இருக்கிறது. அந்த 4.00ஐக் கிழித்துவிட்டு "இன்று 6" என்று எழுதி ஒட்டினேன். அது தினமும் நடந்தது. நடக்க நடக்க, உட்காரவே பிடிக்காத நாட்களிலும் உட்கார முடிந்தது. ஆறாம் அத்தியாயத்தில் மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது மாதிரி என்று அர்ச்சுனன் புலம்புகிறான். கண்ணன் அதை மறுக்கவில்லை, கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியையும் பற்றின்மையையும் வழியாகச் சொல்கிறார். எனக்கு அந்த ஒப்புக்கொள்ளல் பிடிக்கும்.

அர்ச்சனை செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யுங்கள். நானும் செய்தேன். மனம் அமைதியாகும். ஆனால் முதல் தவணைக்கு முன்னும் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் போனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று, உண்மையில் இதைச் சொல்லத்தான் எழுதவே ஒப்புக்கொண்டேன். முதல் தவணை முடிவு வந்த வாரம் என் வகுப்பு நண்பன் ஒருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனுடைய பி.என்.ஜி.கே. என்னுடையதைவிட ரொம்பக் குறைவில்லை. கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன். "முடிஞ்சு போச்சுடா, இனி என்ன எழுதி என்னா" என்றான். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். முடிந்து போகவில்லை. எஸ்.டி.பி.எம். மூன்று தவணை. முதல் தவணையையும் இரண்டாம் தவணையையும் பிறகு மறுபடி எழுதலாம். இரண்டில் எது நல்லதோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள், எழுதுவதால் நஷ்டமே இல்லை. அவனுக்கு அது தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது, இரண்டாம் தவணை நடுவில்தான் தெரிந்தது. நான் இயற்பியலையும் வேதியியலையும் மறுபடி எழுதினேன். மொத்தத்தில் 3.50 வந்தது. கேட்ட முதல் இடம் கிடைக்கவில்லை, பொறியியல் கிடைத்தது. அவனிடம் அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் வகுப்பில் முடிவு வந்த மறுநாள் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், தயவுசெய்து அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திறந்து பார்க்க மாட்டார், நான் அனுப்பிப் பார்த்தேன்.

போன மாதம் அவனை மாமாக் கடையில் பார்த்தேன். தே தாரிக் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். எழுந்திருக்கும்போது, ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "தனியா பதிஞ்சு எழுதலாமாமே?" என்றான். எழுதலாம் என்றேன். அவனுக்குப் பகல் ஷிப்ட், ஞாயிறு விடுமுறை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில், தேவார வகுப்பு முடிந்ததும் உட்கார்வது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் தவணை கணிதத்திலிருந்து ஆரம்பம். இடம் இருக்கிறது, நீங்களும் வரலாம். பழைய கேள்வித்தாள் இருந்தால் கொண்டு வாருங்கள். மைலோ டின் என்னிடம் இருக்கிறது.